அரைமணி நேரத் தெளிவு

ஆவுடையப்பன் தன் மனைவிக்கு மறதி நோய் வந்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். குரலைத் தாழ்த்தி, உண்மையான வருத்தத்தோடுதான் சொல்வார்.

"பாவம், நல்லாத்தான் இருந்தா. இப்ப அடுப்புல பால வச்சா மறந்துருதா. சொன்னதையே சொல்லுதா. நாந்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதேன்."

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி அதை அப்படியே நம்பினார்கள். செண்பகத்தைப் படியில் பார்த்தால், காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி, "ஆன்ட்டி... சாப்ட்டாச்சா?" என்பார்கள். செண்பகம் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டுவார். அதற்குப் பேசாமலிருப்பதே மேல்.

அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் அடித்தால் வீட்டை மறந்துவிடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்வார். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் தட்டைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான்.

நோய் அவருக்குத்தான். வந்து மூன்று வருடமாகிறது. கல்யாணமும், கம்பம் நட்ட ஊர்களும், மேலதிகாரிகளின் பட்டப்பெயர்களும் அவருக்கு அப்படியே நினைவிருந்தன. நேற்றும் இன்று காலையும்தான் இல்லை. இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு உட்கார்ந்து, பழைய டார்ச்லைட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்.

வைகாசி மாதம் ஒருநாள் கூடத்துச் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றி, கம்பிகளை இழுத்து வெளியே போட்டுவிட்டு, குளிக்கப் போய்விட்டார். செண்பகம் விளக்குமாற்றோடு வந்தவள், தொங்கிய கம்பியை ஒதுக்கக் கை நீட்டினாள். வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. கீழே கிடந்தவளைப் பார்த்து அவர், "ஏட்டி, கரண்டுக் கம்பியப் போயி யாராவது தொடுவாளா?" என்று அதட்டினார். பிறகு மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மைய இனிமே தனியா விட முடியாது யாழினி" என்றார்.

யாழினி ஓசூரிலிருந்து வந்தாள். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னாள்: "அப்பாவ ஹோம்ல சேத்துருவோம். இல்லன்னா நீங்க ரெண்டு பேருமே போயிருவீங்க."

சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சொத்துக்காக, நன்றாக இருக்கும் தாய் தகப்பனை மறதிக்காரர்கள் என்று சொல்லி அடைத்துவைத்த கதைகள் நிறைய வெளிவந்து, புதுச் சட்டம் வந்திருந்தது. நோயாளி தன் நோயைத் தானே உணர்ந்த நிலையில், சம்மத அலுவலர் முன்னால், தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் எங்கே, யார் பொறுப்பில் இருக்க விரும்புகிறாரோ அங்கேதான் இருக்கலாம்.

"நோயே இல்லைங்கிற மனுசன் எப்படி டாக்டர் நோயை உணருவாரு?" என்று யாழினி டாக்டர் பெனிட்டாவிடம் கேட்டாள்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து மூக்கில் மருந்தடிக்கும் சிறிய குப்பி ஒன்றை எடுத்து வைத்தார். "அதுக்குத்தான் இது. அப்பா மின்வாரியத்துல இருந்தவருல்லா, அவரு பாஷையிலயே சொல்லுதேன். ஃபியூஸ் போனா, போனதைக் காட்ட ஒரு சின்ன பல்பு இருக்கும். இவருக்கு ஃபியூஸும் போச்சு, அந்தப் பல்பும் போச்சு. இந்த மருந்து ஃபியூஸை ஒண்ணும் செய்யாது. பல்பை மட்டும் ஒரு அரைமணி நேரம் எரிய வைக்கும். தனக்கு என்ன ஆச்சுன்னு அவருக்கே தெரியும். பிறகு அணைஞ்சிரும்."

"இதனால அவுகளுக்கு என்ன பிரயோசனம்?" என்றாள் செண்பகம்.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. சட்டத்துக்குத்தான் பிரயோசனம்."

"அணைஞ்ச பிறகு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"நடந்தது ஞாபகம் இருக்காது. ஆனா பயம் வேற எடத்துல போய்த் தங்கிரும். எதுக்குன்னு தெரியாமலே பயப்படுவாங்க. அதனால அடிக்கடி கூடாது. மறுபடி சுவிட்சுல கைய வச்சு, சொன்னாக் கேக்காம, உயிருக்கே ஆபத்துன்னா மட்டும் ஒரு தடவ அடிங்க. அவரே கைய எடுத்துருவாரு."

முதல் தடவை டாக்டர்தான் அடித்தார். ஆவுடையப்பன் தும்மினார். "எனக்கு எதுக்கு மருந்து? அவளுக்குல்லா பாக்க வந்தோம்" என்றார். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஏறுமாறாகப் போட்டிருந்த பொத்தான்களை விரல்களால் தடவினார். முகம் மெல்ல மாறியது. கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்ததை அப்போதுதான் கவனித்தவர் மாதிரி, சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்குத்தானா?" என்றார்.

டாக்டர் ஆமென்று தலையசைத்தார்.

"எம்புட்டு நாளா?"

யாழினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் செண்பகத்தின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது நான் செஞ்சதா?" அவள் தலையசைத்தாள். அவர் உடம்பு குலுங்கியது. சத்தமே வராத அழுகை.

"உன்னைய ரொம்பப் படுத்திட்டேனா செண்பகம்? என்னைய எங்கயாவது கொண்டுபோய் விட்டுரு. நாளைக்கே விட்டுரு."

செண்பகத்துக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவள் வலியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவர் இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். அதற்குள் அவர் கண்ணிலிருந்த வெளிச்சம் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மகளிடம், "உங்கம்மையப் பத்தி டாக்டர் என்ன சொல்லுதாங்க?" என்று ரகசியமாக விசாரித்தார்.

சம்மத அலுவலரிடம் ஆவணிக் கடைசியில்தான் நாள் கிடைத்தது. யாழினி ஊருக்குக் கிளம்பினாள். குப்பி செண்பகத்திடம் இருந்தது.

வீட்டில் அவள் அதை முதலில் அடித்தது நியாயமான காரணத்துக்குத்தான். அவர் ஸ்டூல் போட்டு ஏறி மறுபடியும் சுவிட்சுப் பெட்டியில் கைவைத்தார். இறங்கச் சொன்னவளை ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக்கொண்டு விரட்டினார். "பைத்தியக்காரி, எனக்கா சொல்லித் தார?" அவள் குப்பியை எடுத்துவந்து, அவர் குனிந்த நேரத்தில் மூக்கில் அடித்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அவரே இறங்கினார். ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். அவள் கையைப் பார்த்து, "இது நான் செஞ்சதா?" என்றார், புதிதாக.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த மனிதனிடம் கேட்டால் பதில் வரும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "எனக்கு ராதாபுரத்துல டீச்சர் வேல வந்துச்சுல்லா. எனக்கு விருப்பமில்லன்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்தீங்க. ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

நோயை அப்போதுதான் அறிந்து நடுங்கிக்கொண்டிருந்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். ஆனால் பதில் சொன்னார். ஒளிப்பதற்கு அவரிடம் தெம்பில்லை.

"நீ சம்பாதிச்சா எனக்கு அடங்க மாட்டேன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல. தப்புதான். மன்னிச்சிரு."

செண்பகம் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்து வெளியே போட்டதுபோல் இருந்தது. வெளியே வந்தபோது அவர் சீட்டியடித்துக்கொண்டு டார்ச்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கட்டி போன? காப்பி போட மறந்துட்டியா?" என்றார்.

மறந்துவிட்டார். அவள் வாங்கிய மன்னிப்பு அவரிடம் இல்லை. தான் மன்னிப்புக் கேட்டதே தெரியாத ஒருவரிடமிருந்து வாங்கிய மன்னிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டு நாளில் அவளுக்கு அதை மறுபடி கேட்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த தடவை, மாடிக்காரப் பெண்ணிடம் அவர், "இவ என் பர்ஸ எடுத்து ஒளிச்சு வைக்கா" என்று சொன்னதற்காக மருந்தை அடித்தாள். அதற்கடுத்தது, தோசையைத் தட்டிவிட்டதற்காக. பிறகு காரணம் தேடுவது நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, இரண்டு தம்ளர் காப்பியோடு அவர் எதிரே உட்கார்ந்து அடிப்பாள். ஊரில் மற்ற பெண்கள் கோயிலுக்குப் போகிற நேரம்.

ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் சட்டையைப் பார்ப்பார், பிறகு அவள் கையைப் பார்ப்பார், பிறகு அழுவார். அந்த அழுகை ஓய்வதற்கு அவள் நேரம் கொடுப்பதில்லை, அரைமணிதானே. "அது கெடக்கட்டும், இதச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். ராதாபுரம் வேலை. ரெண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போனபோது ஆஸ்பத்திரிக்கு வராமல் லைன் வேலைக்குப் போனது. அவள் அப்பா செத்த வீட்டில், சாப்பாடு சரியில்லையென்று எழுந்து வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ராதாபுரம் தூரம் என்பதால் வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னார்.

"பொய் சொல்லாதீங்க."

"இல்ல செண்பகம், பஸ்ஸு கெடையாதுல்லா அப்ப..."

"நான் உங்களுக்கு அடங்கமாட்டேன்னு நெனச்சீங்க. சொல்லுங்க. அப்படித்தானே?"

அவர் மிரண்டு போனார். தன் மனதுக்குள் இருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை. "ஆமா" என்றார். "அதைச் சொல்லுங்க" என்றாள். முழுதாகச் சொல்லவைத்துவிட்டுத்தான் காப்பியை எடுத்துக் குடித்தாள்.

அந்தத் தெளிவின் முடிவில் அவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார், "ஒண்ணு கேக்கேன், செய்வியா? இந்த மருந்த இனிமே எனக்குக் குடுக்காத. தெரியாம இருக்கும்போது நான் எப்படி இருக்கேனோ, அப்படியே இருந்துட்டுப் போறேன். இது தாங்கல. கெணத்துக்குள்ள முழிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு."

"சரி" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் இத முன்னாடியே உங்கிட்ட கேட்டிருக்கேனா?"

"இல்ல. இப்பத்தான் மொதத் தடவ."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை. குப்பியை எடுத்து, பரண்மேல் பித்தளைப் பானைக்குள் போட்டாள். அந்த ஆடி மாதம் முழுக்க அவர் நன்றாக இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், டார்ச்லைட்டை எரியவிட்டு மாடிப் பெண்ணுக்குக் காட்டினார். செண்பகம் யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடினாள். அவளோடு பேச அந்த வீட்டில் ஆளில்லை. உயிரோடிருக்கும் அந்த மனிதருக்குள்ளே, அவளைத் தெரிந்த ஒருவர், அவளுக்குக் கடன்பட்ட ஒருவர், கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவர் இருக்கிறார். கூப்பிடாமல் எப்படி இருப்பது? ஆவணி பிறந்ததும் ஸ்டூல் போட்டு ஏறினாள்.

குப்பி தீர்ந்ததும் டாக்டரிடம் போய், கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றாள். டாக்டர் அவள் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வேறொன்று கொடுத்தார்.

இதற்கிடையில் அவர் உடம்பு எதையோ கற்றுக்கொண்டிருந்தது. மல்லிகைப்பூ வாசம் வந்தால் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் காப்பித் தம்ளரோடு வருவதைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மூக்கை மறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றார். சீட்டியடிப்பது நின்றுபோயிற்று. அவள் அறைக்குள் நுழைந்தால் டார்ச்லைட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அங்கும் அவள் போனால் கொல்லைக்குப் போனார்.

யாழினி போன் செய்தபோது போனைப் பிடுங்கிச் சொன்னார், "யாழினி, என்னைய வந்து கூட்டிட்டுப் போ. இவ என்னைய என்னமோ செய்யுதா."

"என்னப்பா செய்யுதாங்க?"

"தெரியல. என்னமோ செய்யுதா. ஒடம்பெல்லாம் நடுங்குது."

யாழினி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். "எப்படிம்மா பொறுத்துக்கிடுதீங்க? நீங்க இவ்வளவு பாத்தும் உங்களையே இப்படிச் சொல்லுதாரே."

"என்ன செய்ய? நோய்தான சொல்லுது" என்றாள் செண்பகம். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை.

மூன்று வருடத்தில், மருந்தின் தெளிவு இல்லாத நேரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை.

ஆவணிக் கடைசியில் யாழினி வந்தாள். சம்மத அலுவலர் நடுவயதுக்காரர், சாந்தமாகப் பேசினார். ஒரு சின்ன அறை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு கேமரா. "அவர் இப்பச் சொல்றதுதான் கடைசி" என்றார். "காப்பகத்துக்குப் போறேன்னா போகலாம். இன்னார் பொறுப்புல இருக்கேன்னா இருக்கலாம். தெளிவு போன பிறகு அவர் என்ன சொன்னாலும் அது செல்லாது. குடும்பத்துல யாரும் குறுக்க பேசக்கூடாது."

டாக்டர் பெனிட்டா மருந்தை அடிக்கப் போனபோது அவர் அலறினார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "மருந்துன்னா இவருக்கு எப்பவுமே பயம் போல" என்றார் அலுவலர். டாக்டர் செண்பகத்தை ஒருகணம் பார்த்தார். செண்பகம் மகளின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

தெளிவு வந்தது. சட்டை, கைத்தழும்பு, அழுகை. எல்லாம் முடிந்ததும் அலுவலர் கேட்டார், "உங்களுக்கு எங்க இருக்க விருப்பம் ஐயா?"

"காப்பகத்துல சேத்துருங்க. அவ என்னைய வச்சுப் பட்டது போதும்" என்றார் உடனே. பிறகு நிறுத்தி, "என் வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"நீங்க கேட்டா அவங்க பதில் சொல்லலாம்."

அவர் திரும்பினார். "செண்பகம், எனக்கு நெனவில்லாத நேரத்துல நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாது. கூட இருந்து பாத்தது நீ மட்டுந்தான். வீட்டுல நான் எப்படி இருக்கேன்? கஷ்டப்படுதேனா? எதுக்கும் பயப்படுதேனா?"

காப்பகத்தில் மல்லிகைப்பூ இல்லை. காப்பித் தம்ளர் ஏந்திய கை இல்லை. அங்கே அவர் மறுபடி சீட்டியடிக்கக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், இந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் உலகத்தில் இருக்கிற அந்த மனிதர்.

"சந்தோஷமா இருக்கீங்க" என்றாள்.

"பயமில்லையா?"

"எங்கூட இருக்கும்போது என்ன பயம்?"

அவர் முகம் மலர்ந்தது. அலுவலரிடம் திரும்பி, "அப்ப நான் இவகூடவே இருந்துக்கிடுதேன்" என்றார். "இவ்வளவு செஞ்சும் என்னைய வேணாங்கலையே. கடைசிவரைக்கும் இவ பொறுப்புலதான் இருப்பேன். எழுதிக்கிடுங்க." யாழினி தேம்பித் தேம்பி அழுதாள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதிர்ஷ்டசாலிம்மா நீங்க" என்றார் செண்பகத்திடம்.

டாக்டர் பெனிட்டா செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமல் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தெளிவு போயிற்று. அவர் நிமிர்ந்தார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார், இன்னோரடி. முதுகு ஜன்னலில் முட்டியதும் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் இவகூட வரமாட்டேன். யாழினி, நான் வரமாட்டேன். ஒங்கூடக் கூட்டிட்டுப் போ. எங்கயாவது விட்டுரு."

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று செண்பகம் கை நீட்டினாள். அவர் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டார். வேட்டி நனைந்து, தரையில் மூத்திரம் ஓடியது.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் அருகே போனாள். கம்பியை இறுகப் பற்றியிருந்த விரல்களை, வலிக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அம்மாகூடத்தானப்பா போறீங்க" என்றாள். "நீங்களே சொன்னீங்கல்லா."